பெங்களூரு – துபாய்: 2,695 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

காரிமங்கலத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனை ஓசூரில் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு மாதப் பயிற்சிக்குத் துபாய் அனுப்புகிறது. பையனுக்கு முதல் விமானப் பயணம், பெங்களூரில் இருந்து நேர் விமானம். தூரம் பார்க்கும் இணையதளம் ஒன்றில் 2,695 கி.மீ., பறக்கும் நேரம் 3 மணி 10 நிமிடம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 12.30க்கு இறங்குவதாக இருக்கிறது. கழித்துப் பார்த்தால் இரண்டரை மணி நேரம்தான். திரும்பி வரும் டிக்கெட்டில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி இரவு 7.15க்கு வருகிறது; அது ஐந்தேகால் மணி நேரம். ஒரே தூரத்துக்கு மூன்று கணக்கா, இதில் எது சரி, வீட்டில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது கேள்வி.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். போக 4 மணி நேரம், வர 3 மணி 45 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருக்கும் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதனால் போகும்போது கழித்து வரும் விடையோடு ஒன்றரை மணியைக் கூட்ட வேண்டும், வரும்போது குறைக்க வேண்டும். இரண்டரையும் ஒன்றரையும் நான்கு. ஐந்தேகாலில் ஒன்றரை போனால் மூன்றே முக்கால். டிக்கெட்டில் தப்பு எதுவும் இல்லை. சிங்கப்பூர் என்றால் இதே கணக்கு தலைகீழ்: அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

இணையதளத்தின் 3 மணி 10 நிமிடம் எங்கிருந்து வந்தது? 2,695ஐ 850ஆல் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும். விமானம் ரன்வேயின் நுனியிலேயே மணிக்கு 850 கி.மீ. வேகத்தைப் பிடித்து, அதே வேகத்தில் நேர்கோட்டில் போய், அதே வேகத்தில் தரையைத் தொடுவதாக வைத்துப் போட்ட வகுத்தல் அது. அப்படிப் பறக்கும் பயணிகள் விமானம் எதுவும் கிடையாது. இந்தத் தளங்களில் தூரத்தை நம்பலாம். நேரத்தைப் பார்க்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

தூரத்திலும் ஒரு தளத்துக்கும் இன்னொன்றுக்கும் பத்து, இருபது கி.மீ. முன்பின் இருக்கும். சிலர் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இருந்து துபாய் விமான நிலையம் வரை அளப்பார்கள், சிலர் நகர மையத்தில் இருந்து நகர மையம். பூமியை முழு உருண்டையாக எடுப்பவர் உண்டு, துருவங்களில் லேசாகத் தட்டையானது என்று சரியாக எடுப்பவரும் உண்டு. அப்புறம் மைல். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானமும் கப்பலும் கணக்கிடும் கடல் மைல் 1.852 கி.மீ. இதே தூரம் ஒரு இடத்தில் 1,675 மைல் என்றும் இன்னொரு இடத்தில் 1,455 கடல் மைல் என்றும் இருக்கும். கடல் மைலைச் சாதாரண மைல் என்று நினைத்துப் பெருக்கினால் 350 கி.மீ. காணாமல் போய்விடும்.

இந்தத் தூரம் உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோடு அல்ல. துபாய் தூரத்துக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெரியும். வரைபடத்தில் பசிபிக் கடலைத் தாண்டிப் போக வேண்டும் போல இருக்கும். நூலை இழுத்துப் பார்த்தால் வடதுருவத்துப் பக்கமாகப் போகும், தூரம் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு விமானத்தைப் பெண் விமானிகளே வடதுருவம் வழியாக ஓட்டி வந்தது அதனால்தான்.

இனி நேரம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

டிக்கெட்டில் உள்ள 10 மணி என்பது விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு வைத்திருக்கும் கட்டையை எடுத்து, விமானம் நின்ற இடத்தை விட்டு அசையும் நேரம். அதேபோல 12.30 என்பது துபாயில் தரையைத் தொடும் நேரம் அல்ல. தொட்டு, உருண்டு போய், தனக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதைத் துறைக்காரர்கள் பிளாக் டைம் என்பார்கள். பறக்கும் நேரம் அதற்குள் ஒரு பகுதி மட்டும்.

தேவனஹள்ளியில் அந்த முதல் அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கதவை மூடியதும் ஒரு வண்டி வந்து விமானத்தின் முன் சக்கரத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளும். விமானம் தானாகப் பின்னால் போவதில்லை. தள்ளி நிறுத்திய பிறகு ஒவ்வொரு இன்ஜினாக ஸ்டார்ட் ஆகும். அந்தச் சமயம் ஏசி காற்று சற்று நின்று வரும், முதல் முறை போகிறவர்கள் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம் ரன்வேயை நோக்கி உருளும். முன்னால் வேறு விமானங்கள் வரிசையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். இதற்கே பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். ரன்வேயில் மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் வேகம் எடுத்ததும் எழும். எழுந்த பிறகும் உடனே 850ஐத் தொடாது. 10,000 அடி உயரம் வரை வேகக் கட்டுப்பாடு உண்டு, 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. அதற்கு மேல்தான் வேகம் கூடும். 35,000 அடி போய்ச் சேர இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகலாம். இறங்குவதும் அப்படித்தான்: துபாய்க்கு இன்னும் 200 கி.மீ. இருக்கும்போதே கீழே இறங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. தேவனஹள்ளி ரன்வேக்கள் இரண்டும் கிழக்கு மேற்காகப் போட்டவை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காலத்தில் காற்று மேற்கில் இருந்து வீசுவதால் துபாய் விமானம் மேற்கே பார்த்து எழுந்து அப்படியே போய்விடும். மார்கழி, தை மாதங்களில் காற்று கிழக்கில் இருந்து வரும். அப்போது அதே விமானம் கோலார் பக்கம் பார்த்து எழுந்து, ஒரு வட்டம் திரும்பி, பிறகுதான் மேற்கே போகும். சில நிமிடம் அதில் போகும்.

மேலே போன பிறகும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போவதில்லை. ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு, வகுத்த பாதையில்தான் போக வேண்டும். அரபிக் கடலைத் தாண்டி, ஓமான் வான்வெளி வழியாக அமீரகத்துக்குள் நுழையும். பாதையில் ஏதாவது ஒரு நாட்டின் வான்வெளி மூடியிருந்தால் சுற்றிப் போக வேண்டும். 2019இலும் 2025இலும் பாகிஸ்தான் வான்வெளி நம் விமானங்களுக்கு மூடப்பட்டபோது தில்லியில் இருந்து மேற்கே போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். பெங்களூரு – துபாய் பாதை கடல் மேலேயே போவதால் தப்பித்தது. போய்ச் சேரும் இடமும் லேசான இடம் இல்லை. சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் உலகில் முதலிடத்தில் இருப்பது துபாய் விமான நிலையம். நெரிசல் நேரத்தில் இறங்க முறை வரும் வரை வானத்திலேயே வட்டம் அடிக்க வைப்பார்கள். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் முன்கூட்டியே சேர்த்துத்தான் கால அட்டவணை போடுகின்றன. கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள், ஏனென்றால் குறித்த நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு. வழியில் எந்தத் தடையும் இல்லை என்றால், "இருபது நிமிடம் முன்பாகவே தரையிறங்கிவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பும் வரும்.

சரி, போக 4 மணி நேரம் என்றால் வர ஏன் 15 நிமிடம் குறைகிறது? காற்றுதான் காரணம். ஒகேனக்கல்லில் பரிசல் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: துடுப்புப் போடுகிறவர் ஒரே ஆள்தான், ஆனால் நீரோட்டத்தோடு போவது வேறு, எதிர்த்து வருவது வேறு. விமானத்தின் 850 என்பது சுற்றி இருக்கும் காற்றுக்குள் அது போகும் வேகம். அந்தக் காற்றே மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால், தரையில் இருந்து அளக்கும் வேகம் 790 ஆகிவிடும். பின்னால் இருந்து தள்ளினால் 910. ஒரு 2,600 கி.மீ.க்கு முதல் வேகத்தில் 3 மணி 17 நிமிடம், இரண்டாவதில் 2 மணி 51 நிமிடம். 26 நிமிட வித்தியாசம்.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடும். ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். அதன் மையம் நமக்கு வெகு வடக்கே இருந்தாலும் துபாய் இருக்கும் அட்சரேகைக்கு அதன் தாக்கம் உண்டு. அதனால் அந்த மாதங்களில் துபாய் போவது மெதுவாகவும் வருவது வேகமாகவும் இருக்கும்.

மழைக்காலத்தில் கதை மாறுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, அது தரையில் மேற்கில் இருந்து வரும் காற்று. அதே ஆடி மாதத்தில், அதே ஊருக்கு நேர் மேலே பன்னிரண்டு பதினைந்து கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கில் இருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1958இல் இந்தக் கீழைக் காற்றோட்டத்தைப் பற்றி எழுதினார்; ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே இது நிற்கும். அந்த மாதங்களில் மேற்கே போகிற விமானத்துக்குப் பாதையின் முதல் பாதியில் இது முதுகைத் தள்ளிவிடும். அதனால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். சில நாள் தலைகீழாகவும் ஆகும். மருமகன் எந்த மாதம் போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த மாதமாக இருந்தாலும் டிக்கெட்டில் உள்ள 4 மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம், பத்து இருபது நிமிடத்துக்கு மேல் பெரிதாக மாறாது.

வேறு ஊர்களுக்கும் நீங்களே கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய்க்கு 3 மணி 52 நிமிடம் வருகிறது. டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெங்களூரு – சிங்கப்பூர் 3,180 கி.மீ., நாலரை மணி நேரம். பெங்களூரு – தில்லி 1,710 கி.மீ., இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டன் 8,050 கி.மீ. அளவில், பத்தரை மணி நேரம். மிகக் குறைந்த தூரத்துக்கு மட்டும் இது சரிவராது. பெங்களூரு – சென்னை 268 கி.மீ.; கணக்குப்படி 50 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். சேலம் – சென்னையும் ஏறக்குறைய அதே தூரம்தான், 265 கி.மீ. அதில் போவது விசிறி வைத்த ஏடிஆர் விமானம், வேகம் ஜெட்டைவிட வெகு குறைவு, மணிக்கு 500 கி.மீ. அளவில். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு ஒட்டித்தான் வருகிறது. தூரம் குறைவாக இருந்தால் உருளவும் ஏறவும் இறங்கவுமே நேரம் போய்விடுகிறது, விமானத்தின் வேகத்துக்கு வேலையே இல்லை.

இந்த 15 நிமிடம், 20 நிமிடம் எல்லாம் ஆகாயத்துச் சங்கதி. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நேரத்தைத் தீர்மானிப்பது ஓசூர் ரோடு.

காரிமங்கலத்தில் இருந்து கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகத் தேவனஹள்ளி சுமார் 150 கி.மீ. விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது, நாம் வருவதோ தெற்கில் இருந்து. அதாவது நகரத்தை முழுக்கக் கடக்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வரை வண்டி பறக்கும். சில்க் போர்டில் இருந்து ஹெப்பால் தாண்டும் வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடியற்காலையில் மொத்தமே மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். காலை எட்டு மணிக்கு மேலோ மாலை ஐந்து மணிக்கு மேலோ மாட்டினால் அதே தூரம் ஐந்து மணி நேரம் கேட்கும். நகரத்தைத் தவிர்க்க நினைப்பவர்கள் ஓசூரில் இருந்து பாகலூர், மாலூர், ஹொசக்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி போகிறார்கள். பகலில் அது நல்ல வழி. டிரைவருக்குப் பழக்கம் இல்லை என்றால் இருட்டில் வேண்டாம். பஸ்ஸில் போவதாக இருந்தால் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ் பிடிக்கலாம். பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டதே என்று கேட்பீர்கள்; அந்த மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது, ஆனால் அது ஆர்.வி. ரோடோடு நின்றுவிடும், விமான நிலையம் போகாது.

சர்வதேசப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள், புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது செக் இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். முதல் முறை போகிறவன், இமிகிரேஷனில் நாலு கேள்வி கேட்பார்கள், மூன்று மணி நேரத்தைக் குறைக்க வேண்டாம். 10 மணி விமானத்துக்கு 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் காரிமங்கலத்தில் இருந்து அதிகாலை 3 மணிக்குக் கிளம்புங்கள். நகரம் விழிப்பதற்குள் தாண்டிவிடலாம். நாலரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம்தானே தாமதம் என்று தோன்றும். சில்க் போர்டில் அது இரண்டரை ஆகிவிடும். டாக்ஸிக்காரரிடம் டெர்மினல் 2 என்று சொல்லிவிடுங்கள், சர்வதேச விமானங்கள் அங்கிருந்துதான்.

டிசம்பர், ஜனவரி என்றால் பனிமூட்டத்தையும் நினைவில் வையுங்கள். தேவனஹள்ளி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 915 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் இருக்கிறது. விடியற்காலையில் பனி இறங்கினால் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும், வருகிற விமானங்களைச் சென்னைக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. 10 மணி விமானத்துக்கு நேரடிப் பாதிப்பு குறைவுதான், ஆனால் அந்த விமானம் காலையில் வேறு ஊரில் இருந்து வர வேண்டியதாக இருந்தால் தாமதம் தொடரும்.

சென்னையில் இருந்து போனால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். துபாய்க்கு வேண்டாம். சென்னை – துபாய் 2,930 கி.மீ., பெங்களூரைவிட 235 கி.மீ. கூடுதல், அதோடு காரிமங்கலத்தில் இருந்து ரோட்டிலும் இரண்டு மடங்குக்கு ஒட்டிய தூரம். சிங்கப்பூர் என்றால் யோசிக்கலாம். சென்னையில் இருந்து சிங்கப்பூரும் 2,925 கி.மீ. அளவில்தான். சென்னைக்கு ஒரு பக்கம் துபாய், மறுபக்கம் சிங்கப்பூர், இரண்டும் ஏறக்குறைய சம தூரம், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருப்பதால் தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் இறங்கினால் கிட்டத்தில் வந்துவிடும், ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானம் மட்டும்தான். சேலத்தில் ஏறிச் சென்னையில் மாறுவதற்குத் தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள்.

ஓசூரில் சர்வதேச விமான நிலையம் கட்டப்போவதாக 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் என்பது திட்டம். அது வந்தால் இந்த ரோட்டுக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கி.மீ. சுற்றளவுக்குள் 25 ஆண்டுகளுக்குப் புதிய விமான நிலையம் கூடாது என்று இருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும்தான் விலக்கு. தேவனஹள்ளி திறந்தது 2008இல். 2033 வரை அந்த நிபந்தனை நிற்கும். உங்கள் மருமகனுக்கு அதுவரை பொறுமை இருக்காது.

கடைசியாக, டிக்கெட்டில் தேதியைப் பாருங்கள். இந்த முறை காலை 10 மணி என்பதால் குழப்பம் இல்லை. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். 15ஆம் தேதி 02.30 என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மாலை நெரிசலில் மாட்டுவதையும் கணக்கில் சேர்த்து. 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு தேவனஹள்ளி போய் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் போக வேண்டிய விமானம் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்பே போயிருக்கும்.